கோவணத்துக்கு போர்டிங் பாஸ் உண்டா?

திருவண்ணாமலையில் விமான நிலையம் கிடையாது. விமானம் உண்டு. கருவறைக்கு மேலே, கலசத்தோடும் புறாக்களோடும், ஓரங்குலம்கூட நகராமல் நிற்கிறது. அதன் கீழே போய் நிற்க வரிசை உண்டு, செருப்பைக் கழற்ற வேண்டும், காசு கொடுத்தால் சீக்கிரம் போகலாம். ஆகவே விமானத்துக்குள் வருகிறவர்கள் என்ன உடுத்த வேண்டும் என்ற கேள்வியில் கருத்துச் சொல்ல எங்கள் ஊருக்கு முழுத் தகுதி இருக்கிறது.

பறந்த அனுபவமும் உண்டு. எனக்குத் தெரிந்து இங்கிருந்து இரண்டு பயணங்கள் கிளம்பியிருக்கின்றன.

முதல் பயணி பிரம்மா. நீ பெரியவனா நான் பெரியவனா என்று அவருக்கும் விஷ்ணுவுக்கும் தகராறு வர, சிவன் அடியும் முடியும் தெரியாத நெருப்புத் தூணாக எழுந்து நின்றார். அளந்துவிட்டு வந்து பேசுங்கள் என்பது ஏற்பாடு. விஷ்ணு பன்றியாகி மண்ணைத் தோண்டினார். பிரம்மா அன்னமாகி மேலே கிளம்பினார். நாலு தலை, தாடி, கமண்டலம் என்று அவருடைய வழக்கமான கோலத்தில் பறக்க முடியாது. அன்ன வேஷம் கட்டினால்தான் முடியும். ஆக, நம் முதல் விமானப் பயணத்திலேயே டிரெஸ் கோடு இருந்திருக்கிறது. எவ்வளவு பறந்தும் முடி தெரியவில்லை. வழியில் கீழே இறங்கிக்கொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, நான் பார்த்துவிட்டதாகச் சொல்லிவிடு என்று சாட்சிக்கு அழைத்து வந்தார். இருவரும் மாட்டிக்கொண்டார்கள். பிரம்மாவுக்குக் கோயில் கிடையாது, தாழம்பூவுக்குப் பூசையில் இடம் கிடையாது என்று தீர்ப்பானது. தண்டனை பொய்க்கு மட்டும்தான். ஒருவர் பறவையாக வந்தாரே, இன்னொருவர் உடம்பெல்லாம் சேற்றோடு பன்றியாக வந்து நிற்கிறாரே, சபை மரியாதை என்ன ஆவது என்று அண்ணாமலையார் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாவது பயணி அருணகிரிநாதர். வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து அவர் குதித்ததும் முருகன் தாங்கிப் பிடித்ததும் வேறு கதை; அதைப் பயணத்தில் சேர்க்க முடியாது, அது அவசரத் தரையிறக்கம். பயணம் பிறகு நடந்தது. பிரபுடதேவ மன்னனுக்காக தேவலோகத்துப் பாரிஜாதம் கொண்டுவர வேண்டியிருந்தது. மனித உடம்போடு அங்கே போக முடியாது. ஒரு செத்த கிளியின் உடம்புக்குள் புகுந்துகொண்டு, தன் உடம்பைக் கோபுரத்தில் வைத்துவிட்டுப் பறந்தார். அவருக்கு ஆகாத சம்பந்தாண்டான், கிடைத்தது சமயம் என்று அந்த உடம்பை எரித்துவிட்டான். திரும்பி வந்தவர் கிளியாகவே இருந்துவிட்டார். கிளி கோபுரம் என்று பெயர் வந்தது அதனால்தான் என்பார்கள். பயணியின் லக்கேஜ் காணாமல் போன முதல் வழக்கு அது. நஷ்ட ஈடு இன்றுவரை தரப்படவில்லை.

இவ்வளவு பின்னணி உள்ள ஊரில், தேரடி வீதி டீக்கடையில், ஒரு காலை நேரத்தில் பேச்சு கிளம்பியது. அமெரிக்காவில் ஸ்பிரிட் என்ற மலிவுக் கட்டண விமானக் கம்பெனி 2025 ஜனவரியில் தன் விதிகளை மாற்றி எழுதியது: வெறுங்காலோடு வந்தால் ஏற்றமாட்டோம், உடம்பு தெரிய உடுத்தினால் ஏற்றமாட்டோம், ஆபாசமாகப் பச்சை குத்தியிருந்தாலும் ஏற்றமாட்டோம். இதற்கு முன்னால், 2017 மார்ச்சில், யுனைடெட் விமானக் கம்பெனி டென்வர் நகரில் லெக்கிங்ஸ் போட்டு வந்த இரண்டு சிறுமிகளை ஏறவிடாமல் நிறுத்தியது. ஊழியர் குடும்பச் சலுகைச் சீட்டில் வந்தவர்கள், அந்தச் சீட்டுக்குத் தனி உடைவிதி இருக்கிறது, காசு கொடுத்த பயணிகள் தாராளமாக லெக்கிங்ஸ் போடலாம் என்று கம்பெனி விளக்கம் சொன்னது. அதாவது ஓசியில் போகிறவன் ஒழுங்காக உடுத்த வேண்டும். நம் ஊர்க் கல்யாணப் பந்தியிலும் இதுதான் சட்டம். அழைப்பில்லாமல் சாப்பிட வருகிறவன்தான் எப்போதும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருவான்.

டீக்கடையில் எங்களுக்கு ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் உண்டு. கேட்டவுடன் அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“நல்லா செஞ்சான். அந்தக் காலத்துல விமானத்துல ஏறணும்னா கோட்டு, சூட்டு, டை. எல்லாரும் ஒழுங்கா உடுத்தினாங்க. இப்ப படுக்கையிலேர்ந்து எழுந்து அப்படியே வந்து குந்திக்கிறானுங்க.”

அவர் விமானத்தில் ஏறியதில்லை. இதைச் சொல்லும்போது கைவைத்த பனியனும் கட்டம் போட்ட லுங்கியும் அணிந்திருந்தார்.

“இன்னா சார், நீங்களே லுங்கில வந்துக்கினு…” என்றார் டீ மாஸ்டர்.

“யோவ், இது டீக்கடை” என்றார் தாசில்தார்.

உலகத்தில் எழுதப்பட்ட உடைவிதிகள் அத்தனைக்கும் முன்னுரை இதுதான். நான் இருக்கிற இடம் டீக்கடை. நீ வருகிற இடம் சபை. அந்தக் காலத்தில் எல்லாரும் ஒழுங்காக உடுத்தினார்கள் என்றாரே, அந்தக் காலத்துக்கே ஒருமுறை போய்ப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. முதல் ஸ்டாப் வேலூர். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

1805 நவம்பர். மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக். திப்பு சுல்தான் இறந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. சண்டை இல்லாத தளபதிக்குப் பொழுது போகாது. எதிரியைப் பார்க்க முடியாதபோது சொந்தச் சிப்பாயின் முகத்தைப் பார்க்கத் தொடங்குவான். பார்த்தார். ஒருவன் நெற்றியில் நாமம், ஒருவன் நெற்றியில் விபூதி, ஒருவனுக்குக் கடுக்கன், ஒருவனுக்குத் தாடி, மீசைகளோ ஆளுக்கு ஒரு தினுசு. உத்தரவு பிறந்தது: அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, முகவாயை மழிக்க வேண்டும், மீசையெல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அத்தோடு தலைக்குப் புது வடிவத்தில் ஒரு பாகை. பார்க்க ஐரோப்பியன் தொப்பி மாதிரி இருக்கும். அதில் தோலால் செய்த ஒரு குஞ்சம்.

எந்தத் தோல்? மாடா, பன்றியா? இந்துவையும் முஸ்லிமையும் ஒரே சமயத்தில் கோபப்படுத்த ஒரு குழு அமைத்து யோசித்திருந்தாலும் இதைவிடச் சிறந்த தொப்பியைக் கண்டுபிடித்திருக்க முடியாது. இன்று தொப்பி, நாளை ஞானஸ்நானம் என்று பாளையத்தில் பேச்சானது. 1806 மே மாதம் வேலூரில் சிப்பாய்கள் தலைப்பாகையைப் போட மறுத்தார்கள். கிரடாக் சிந்தித்துப் பார்த்து, தொப்பியை மாற்றுவதைவிட முதுகை மாற்றுவது சுலபம் என்று முடிவெடுத்தார். ஒரு இந்து, ஒரு முஸ்லிம் என்று பாரபட்சமில்லாமல் இரண்டு பேருக்குத் தலா 900 கசையடி.

ஜூலை 10, விடிவதற்கு முன்னால், கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. வெள்ளைக்காரப் படையில் நூற்றுக்கு மேல் இறந்தார்கள். திப்புவின் பிள்ளைகள் அந்தக் கோட்டையில்தான் காவலில் இருந்தார்கள், மைசூர்க் கொடி ஏறியது, அதெல்லாம் பெரிய அரசியல். ஆனால் வைக்கோல்போரில் விழுந்த நெருப்பு அந்தத் தலைப்பாகைதான். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்து, மதியத்துக்குள் கோட்டையைப் பிடித்து, நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்று தீர்த்தார். உடைவிதி ரத்தானது. அப்புறம் லண்டனில் கணக்குப் பார்த்தார்கள். அடுத்த வருஷமே தளபதி கிரடாக்கும் கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். விபூதி நெற்றிக்கே திரும்பியது, கடுக்கன் காதுக்கே திரும்பியது. ஒரு குஞ்சம் வைத்த தொப்பிக்காக ஒரு கவர்னரின் வேலை போன கதையைப் படித்தவன், லெக்கிங்ஸைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு தடவை யோசிப்பான்.

வேலூர்க்காரனுக்கு, இருப்பதைக் கழற்று என்று உத்தரவு. இன்னும் தெற்கே, இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கிற அன்றைய தென் திருவிதாங்கூரில், இல்லாததைப் போடாதே என்று உத்தரவு. அங்கே சாணார் எனப்பட்ட நாடார் பெண்கள் தோள்சீலை போடக்கூடாது என்பது வழக்கம். மார்பை மறைப்பது மேல்சாதிக்கான சலுகை. ஒரு ராஜ்யத்தின் மானம் ஏழைப் பெண் எத்தனை முழம் துணி சுற்றுகிறாள் என்பதில் இருந்தது. கிறிஸ்தவரான பெண்கள் மேலே துணி போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, சந்தையில் வழிமறித்து அதைக் கிழித்தார்கள். 1829இல் சர்க்கார் ஒரு பிரகடனம் போட்டது: ரவிக்கை மாதிரி ஏதாவது போட்டுக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை கூடாது. ராஜாங்கக் காரியங்கள் அத்தனையையும் ஒதுக்கிவைத்துவிட்டு அரண்மனை உட்கார்ந்து தையற்காரன் வேலை பார்த்தது. அடிதடி நிற்கவில்லை. பெண்களும் நிற்கவில்லை. 1859இல் மறுபடி பெரிய கலவரமாகி, மதராஸ் கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் நெருக்க, ஜூலை 26ஆம் தேதி மகாராஜா இறங்கிவந்தார்: சரி, மார்பை மூடிக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் மூடுகிற அதே மாதிரியில் கூடாது. இறங்கியும் ஒரு படி மிச்சம் வைத்துக்கொண்டார் பாருங்கள்.

இந்த மேல்துணியை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அது எங்கள் ஊருக்கு மறுபடி வரும்.

அதற்கு முன் ஒரு ரயில் வர வேண்டும். 1896 ஆகஸ்ட் 29. மதுரை ஸ்டேஷனில் 16 வயதுப் பையன் வேங்கடராமன் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுக்கிறான். 2 ரூபாய் 13 அணா. அண்ணனுக்குக் கட்ட வேண்டிய காலேஜ் சம்பளப் பணத்திலிருந்து 3 ரூபாய் எடுத்துக்கொண்டு, சீட்டு எழுதிவைத்துவிட்டு வந்தவன். பழைய அட்லஸைப் பார்த்து திண்டிவனம்தான் பக்கம் என்று கணக்குப் போட்டிருந்தான். ரயிலில் ஒரு மௌல்வி, விழுப்புரத்திலிருந்தே திருவண்ணாமலைக்கு லைன் இருக்கிறதே தம்பி என்று சொல்லித் திருத்தினார். காசு போதாமல் கொஞ்ச தூரம் நடை, கீழூரில் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய், மறுபடி ரயில். (கடுக்கன் விஷயத்தில் கிரடாக் 900 அடி கொடுத்தும் சாதிக்க முடியாததை ரயில்வே கட்டணம் சத்தமில்லாமல் சாதித்துவிட்டது.) செப்டம்பர் 1 காலையில் எங்கள் ஊரில் வந்து இறங்கினான்.

நேராகக் கோயில். அப்புறம் அய்யங்குளம். அங்கே தலையை மழித்துக்கொண்டான். வேட்டியிலிருந்து கோவணத்துக்கு ஒரு கிழிசல் கிழித்துக்கொண்டு, மிச்சத் துணியையும், பையிலிருந்த பணத்தையும், வழியில் கொடுத்த பலகாரப் பொட்டலத்தையும் வீசிவிட்டான். பூணூலும் போனது. இரண்டே நிமிஷத்தில் ஒரு பயணியின் உடைமைகள் அத்தனையும் முடிந்தன. கைப்பை 7 கிலோவுக்கு மேல் கூடாது என்று இன்று கவுண்டரில் தராசு வைத்துக்கொண்டு நிற்கிறார்களே, அவர்களுடைய கனவுப் பயணி அவன்தான்.

பையன் ரமண மகரிஷி ஆனான். அந்தக் கோவணம் 1950 வரை மாறவில்லை. உலகம்தான் மாறி மாறி வந்து அதன் முன்னால் உட்கார்ந்தது. சூட் போட்ட பால் பிரண்டன் வந்தார், ராணுவ மேஜர் சாட்விக் வந்தார், 1938இல் எழுத்தாளர் சாமர்செட் மாம் வந்து மயக்கம் போட்டு விழுந்தார். ரமணரின் ஆரம்ப நாட்களில் ஒரு சமயம் கோவணம் கிழிந்துவிட, கேட்டால் பக்தர்கள் பதறுவார்கள் என்று முள்ளை ஊசியாக்கி, துணியிலிருந்தே நூலை உருவி, மறைவில் உட்கார்ந்து அவரே தைத்துக்கொண்டாராம். தன் உடைக்குத் தானே ஊசியும் நூலும் விதியுமானவர் பக்கத்து ஆளின் உடையைப் பற்றி உத்தரவு போட்டதாக ஒரு சேதியும் இல்லை.

எங்கள் ஊரில் துணிக்கு அதிகம் செலவழிப்பது மனிதர்கள் இல்லை, மலைதான். கார்த்திகை தீபத்துக்குத் திரி மட்டும் ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத்துணி; நெய் ஆயிரக்கணக்கான கிலோ. அதையும் உடுத்துவதில்லை, எரித்துவிடுகிறது.

ரமணரின் அந்தக் காலத்திலேயே இன்னொரு உடைக் குழப்பமும் ரயிலில்தான் தொடங்கியது. 1921 செப்டம்பரில் காந்தி சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிறார். பெட்டியில் எல்லாரும் அன்னியத் துணி. ஏன் கதர் கட்டக்கூடாது என்று கேட்டால், கட்டுப்படியாகாது சாமி என்கிறார்கள். இவர் மட்டும் தொப்பி, சட்டை, முழு வேட்டி என்று கதரில் குளித்துக்கொண்டிருந்தார். சக பயணிகளின் உடையைக் கேள்வி கேட்டவர்களில், கடைசியில் தன் உடையைக் குறைத்துக்கொண்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். செப்டம்பர் 22ஆம் தேதி மதுரையில் அரைவேட்டிக்கு மாறினார். 1931இல் அதே வேட்டியோடு பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜின் தேநீர் விருந்துக்கும் போய்வந்தார். ராஜா எங்கள் இருவருக்கும் சேர்த்தே உடுத்தியிருந்தார் என்று பிற்பாடு சொன்னதாகச் சொல்வார்கள். 1934இல் திருவண்ணாமலைக்கும் வந்தார். ரமணாசிரமம் வரை போகாமலே திரும்பிவிட்டார். இந்தியாவின் மிகப் பிரசித்தமான அரைவேட்டியும் மிகப் பிரசித்தமான கோவணமும் சந்தித்துக்கொள்ளாமல் போனது எங்கள் ஊருக்குத் தீராத குறை. சேர்த்து வைத்து அளந்தாலும் இருவருக்கும் ஆன துணி ஒரு கோட்டுக்கு உள்துணியாகக் காணாது.

அவ்வளவு பெரிய அரண்மனையே வேட்டியை உள்ளே விட்டுவிட்டது. 1966இல் காமராஜர் வேட்டியோடு சோவியத் நாட்டுக்கே போய்வந்தார். சென்னைச் சேப்பாக்கத்தில் மட்டும் வேட்டிக்குக் கதவு திறக்கவில்லை. 2014 ஜூலையில், தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு புத்தக வெளியீடு. அழைப்பின் பேரில் வந்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை, வேட்டி கட்டியிருக்கிறீர்கள் என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் போய் 67 வருஷம் ஆகியும் அவன் எழுதிவைத்த விதிப் புத்தகம் மட்டும் சம்பளமில்லாமல் வாசலில் காவல் இருந்தது. அடுத்த மாதமே சட்டசபையில் ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது: பொது இடத்தில் வேட்டியைக் காரணம் காட்டித் தடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். வேட்டி ஜெயித்தது. ஊரெல்லாம் கரை வேட்டி.

ஜெயித்த வேட்டி சும்மா இருக்குமா? கிளப் வாசலில் தடுக்கப்பட்டது, ஒரே வருஷத்தில் கோயில் வாசலில் காவலுக்குப் போய் நின்றது. 2015 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு கிராமத்துத் திருவிழாவில் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு வழக்கு வந்தது. நீதிபதி எஸ்.வைத்தியநாதனின் உத்தரவு, மேடையில் ஆடுகிறவர்களைத் தாண்டி, கோயிலுக்குப் போகிற எல்லாருடைய உடைக்கும் நீண்டது. 2016 ஜனவரி 1 முதல் ஆண்களுக்கு வேட்டி அல்லது பைஜாமா, மேலே துணி. அல்லது ஃபார்மல் பேண்ட், சட்டை. பெண்களுக்குச் சேலை, தாவணி, மேல்துணியோடு சுடிதார். குழந்தைகளுக்கு முழுக்க மூடிய ஏதாவது ஒன்று. ஜீன்ஸ், லெக்கிங்ஸ், பெர்முடாஸ், லுங்கிக்கு இடமில்லை. அறநிலையத் துறைக் கோயில்களில் பலகை வைத்தார்கள்.

அந்த மேல்துணி வந்துவிட்டது பாருங்கள். 1829இல் அதைப் போட்டால் குற்றம். 1859இல் போட்டால் அரைகுறைச் சலுகை. 2016இல் போடாவிட்டால் உள்ளே விடமாட்டோம். துணி அதேதான், இரண்டு முழம், பருத்தி. வாசலில் நிற்கிற ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அவன் சொல்வது, இதுதான் நம் பண்பாடு, ஆதிகாலத்திலிருந்து இப்படித்தான். ஃபார்மல் பேண்ட் எந்த ஆகமத்தில் வருகிறது என்று அவனிடம் கேட்கக்கூடாது.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நானும் தாசில்தாரும் டீக்கடையில் ஒரு பரீட்சை வைத்தோம். எங்கள் ஊரிலிருந்து யார் யார் தேறுவார்கள்? ரமணர்: கோவணம், பட்டியலில் இல்லை, வெளியே. சேஷாத்ரி சுவாமிகள்: அழுக்கு வேட்டி, மேல்துணி இருந்தால் இருக்கும் இல்லாவிட்டால் இல்லை, சந்தேகம். விசிறி சாமியார் யோகி ராம்சுரத்குமார்: தலைப்பாகை, சால்வை, ஒன்றன்மேல் ஒன்றாகத் துணி, உடம்பு முழுக்க மூடியிருக்கிறது, குழந்தைகள் பிரிவில் பாஸ். கடைசியாக அண்ணாமலையாரே. இடுப்பில் புலித்தோல், கழுத்தில் பாம்பு, மேலே சாம்பல். வீட்டுக்காரரே உள்ளே போக முடியாது. கார்த்திகை தீபத்தன்று ஒரு சில நிமிஷம் மட்டும் வெளியே வந்து ஆடிவிட்டுப் போகிற அர்த்தநாரீசுவரர் மட்டும் தப்பித்தார். அவருக்குப் பாதி உடம்புக்குச் சேலை. பட்டியலில் ஹாஃப் ஸாரி இருக்கிறது.

“லுங்கி ஏன் கூடாதாம்?” என்று தாசில்தார் கொஞ்சம் சூடாகவே கேட்டார். “உடம்பு முழுக்க மூடுதே? வேட்டியத் தச்சா லுங்கி. தையல் போட்டா தீட்டா?”

நல்ல கேள்வி. உடைவிதி தன் இடுப்புக்கு வரும்போதுதான் மனிதனுக்கு நியாயம் தோன்றுகிறது. அவருடைய மனு இல்லாமலே, அந்த ஜனவரியிலேயே இரண்டு நீதிபதிகள் அமர்வு உத்தரவை நிறுத்தி வைத்தது. அந்தந்தக் கோயில் வழக்கம் அந்தந்தக் கோயிலோடு என்று பழையபடி ஆனது.

இப்போது விமானக் கம்பெனிக்கு வருவோம். கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் கேட்கிறதற்குக் காரணம் சொல்ல வேண்டும். செருப்பு போட்டு வா, அவசரத்தில் இறங்கி ஓடும்போது காலில் கண்ணாடி குத்தும் என்றால், பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு கிரிவலம் போகிற நாங்களும் ஒப்புக்கொள்வோம். குளித்துவிட்டு வா, நடு சீட்டுக்காரன் மூன்று மணி நேரம் மூச்சுவிட வேண்டும் என்றால் இன்னும் சந்தோஷம். நைலான் தீப்பிடித்தால் உருகி ஒட்டும், பருத்தி உடுத்து என்றால் வேட்டிதான் முதல் பரிசு வாங்கும். மரியாதைக்காக என்று ஆரம்பித்தால் மட்டும் எழுந்துவிடுங்கள். கிரடாக்கும் திருவிதாங்கூர் அரண்மனையும் சேப்பாக்கம் வாசலும் சொன்னது அந்த ஒரே காரணத்தைத்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. பயணி என்ன உடுத்த வேண்டும் என்று கம்பெனி யோசிப்பதற்கு முன்னாலேயே, என்ன கழற்ற வேண்டும் என்று விமான நிலையம் முடிவு செய்துவிடுகிறது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அக்கா மகனுக்கு டெல்லியில் கல்யாணம். முதல் விமானப் பயணம், நம் ஊர்க்காரனாகவே போவோம் என்று பட்டுக்கரை வேட்டி, அதன்மேல் எங்கள் அப்பா கட்டிய பர்ஸ் வைத்த பச்சை பெல்ட். விமான நிலையத்தில், மெட்டல் டிடெக்டரில் நுழைந்தேன். பெல்ட் கத்தியது.

“பெல்ட் நிகாலோ” என்றார் காவலர்.

“சார், அது போனா எல்லாம் போயிடும்” என்றேன் தமிழில். பெல்ட்டை நம்பி, முடிச்சை நான் பேருக்குத்தான் போட்டிருந்தேன். அவருக்கு விளங்கவில்லை. பெல்ட் தட்டில் போனது. கையைத் தூக்குங்கள் என்று சைகை காட்டினார். ஒரு கையைத் தூக்கினேன். இரண்டையும் என்றார். பின்னால் நாற்பது பேர். பாரத அரசாங்கத்துக்கும் வேட்டிக்கும் நடுவில், பல்லைக் கடித்து, வயிற்றை எக்கி நான் நின்ற பத்து விநாடி, ஆயிரம் உடைவிதிகளுக்குச் சமம். சட்டசபை இயற்றிய சட்டம் ஒன்று எனக்குப் பின்பலமாக இருந்தும் இடுப்பில் நிற்கவில்லை. அப்போதுதான் ‘ஒட்டிக்கோ கட்டிக்கோ’ வேட்டியைக் கண்டுபிடித்தவனை மனதாரக் கும்பிட்டேன்.

திரும்பும்போது அக்கா மகனுடைய ஜீன்ஸைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டேன். மேலே டி-சர்ட், அதில் நான் போகாத ஏதோ ஒரு அமெரிக்க யுனிவர்சிட்டியின் பெயர். பக்கத்து சீட்டில் ஒரு வெள்ளைக்காரர். வெளுத்த காவி வேட்டி, ஜிப்பா, கழுத்தில் ருத்ராட்சம், நெற்றி நிறைய விபூதி. வேட்டியை என்னைவிட நன்றாகக் கட்டியிருந்தார். பணிப்பெண் அவருக்குக் கைகூப்பி வணக்கம் சொன்னாள். எனக்கு “ஹாய்” என்றாள். எந்தக் கம்பெனி விதியைக் கொண்டுவந்து அளந்தாலும் நாங்கள் இருவரும் தேறியிருப்போம், ஆள் மாறி.

வண்டி மேலே ஏறியதும் அவர் என் பக்கம் திரும்பி, மழலைத் தமிழில், “நீங்க எந்த ஊரு?” என்று கேட்டார்.

“திருவண்ணாமலை” என்றேன்.

என் ஜீன்ஸைப் பார்த்தார். டி-சர்ட்டைப் பார்த்தார். மெல்ல ஒரு புன்னகை செய்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொய் சொல்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார் என்பது தெரிந்தது. வெளியே எட்டிப் பார்த்தேன். மேகம் மட்டும்தான். சாட்சிக்குக் கூப்பிட ஒரு தாழம்பூகூடக் கண்ணில் படவில்லை.